‘சூப்பர், அடுத்த பகுதி எப்போ?’ என்ற கமெண்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எட்டு மாதமாக ஓர் இணையக் கதைத் தளத்தில் குடும்பத் தொடர்கதை ஒன்று எழுதுகிறீர்கள். இதுவரை 14 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்துக்கு 900 பார்வைகள், பதினான்காவதுக்கு 70. வருகிற கமெண்டுகளில் பெரும்பாலானவை ‘சூப்பர்’, ‘அடுத்த பகுதி எப்போ?’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. கடைசி அத்தியாயத்தின் கீழே ஒருவர் மட்டும் ‘இது கதையே இல்லை, டைரிக் குறிப்பு மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். நிறுத்திவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது உங்கள் உண்மையான கேள்வியாகத் தெரியவில்லை. நிறுத்த முடிவெடுத்தவர் எண்களை இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருக்க மாட்டார். பாராட்டுகிறவர்கள், பேசாமல் போய்விட்டவர்கள், குறை சொன்ன ஒருவர் என்று உங்கள் முன்னால் மூன்று தரப்பு இருக்கிறது. இவர்களில் யாரை வைத்து என் எழுத்தை எடைபோடுவது என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பன்னிரண்டு வருடமாக இப்படிப்பட்ட தளங்களில் கதை போட்டு வருகிறேன். அதில் ஐந்து வருடம், எழுதுகிறவர்கள் ஒருவர் கதையை மற்றவர் படித்து விமர்சிக்கும் ஒரு சின்னக் குழுவை ஒருங்கிணைத்தேன். பிழைப்புக்குச் செய்வது பிரதி திருத்தும் வேலை. உங்கள் கதையை நான் படிக்கவில்லை. அதனால் கீழே சொல்லப்போவது உங்கள் கதையைப் பற்றிய தீர்ப்பு இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் எதிர்வினைகளை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியது மட்டும். எனக்குப் பழக்கம் குடும்பக் கதைகளும் துப்பறியும் கதைகளும். மாயாஜாலத் தொடர்களைப் படிப்பவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும்.

முதலில் எண்கள். 900 என்பது உங்கள் வாசகர்களின் எண்ணிக்கை கிடையாது. தலைப்பையோ அட்டைப்படத்தையோ பார்த்துக் கதவைத் திறந்தவர்களின் எண்ணிக்கை அது. சிலர் நான்கு வரி படித்திருப்பார்கள், சிலர் தவறித் தொட்டிருப்பார்கள். பல தளங்களில் ஒரே ஆள் மறுபடி திறந்தாலும் கணக்கு ஏறும். எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் அத்தியாயத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் பெரிய சரிவு இருக்கும். என் குழுவில் இருந்தவர்களின் தொடர்களிலும் அப்படித்தான், என்னுடையதிலும் அப்படித்தான். அதை உங்கள் எழுத்தின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. முதல் அத்தியாயம் எட்டு மாதமாக அங்கே கிடக்கிறது. பதினான்காவது போன வாரம் வந்தது. எட்டு மாதம் ஓடிய எண்ணையும் ஒரு வாரம் ஓடிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் உடையத்தான் செய்யும். ஒவ்வொரு அத்தியாயமும் வெளியாகிச் சரியாகப் பத்தாவது நாள் எத்தனை பார்வை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்றாவதிலிருந்து மெதுவாகக் குறைந்துகொண்டே போனால் அது இயல்பு. எட்டாவது வரை ஒரே சீராக இருந்து ஒன்பதாவதில் திடீரென்று பாதி ஆனால், எட்டாவதின் முடிவை எடுத்துப் படிக்க வேண்டும். ஒன்பதாவதைப் படிக்காமல் போனவரை எட்டாவதுதான் அனுப்பி வைத்திருக்கிறது.

அப்படிக் கண்டுபிடித்தாலும் காரணம் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் தொடரில் ஆறாவது அத்தியாயத்தில் கதை சொல்பவரை மாற்றினேன். அதுவரை தங்கை சொல்லிவந்த கதையை அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். படிப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அண்ணனின் குரல்தான் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, மூன்று அத்தியாயங்களை அழித்துவிட்டுத் திரும்பத் தங்கையின் குரலில் எழுதினேன். இரண்டு மாத வேலை. ஒரு வருடம் கழித்துப் பழைய வாசகர் ஒருவரிடம் பேசும்போது அவர் சொன்னார், ‘ஐந்தாவது பகுதிக்கு அப்புறம் ஆறு வாரம் நீங்க எதுவும் போடலையே, நிறுத்திட்டீங்கன்னு நினைச்சேன்’. போன வாசகர்கள் கதையை விட்டுப் போகவில்லை, காத்திருந்து மறந்துபோனார்கள். நான் அழித்த அந்த மூன்று அத்தியாயங்கள், இன்று நினைத்துப் பார்த்தால், அந்தத் தொடரிலேயே நன்றாக வந்தவை. அதனால் சரிவு எங்கே என்பதை எண் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. இடைவெளி விட்டீர்களா, தளத்தின் முகப்பில் உங்கள் கதை வந்து பிறகு நீங்கியதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுத்தின் மீது பழி போட வேண்டும்.

பேசாமல் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையப் பயன்பாட்டை ஆராய்ந்துவந்த ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயமான விகிதத்தை எழுதினார். இணையக் குழுமங்களில் நூற்றில் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது ஏதாவது சொல்வார்கள், மீதி ஒருவர்தான் பெரும்பகுதியைப் பேசுவார் என்றார். அதை அப்படியே அளவுகோலாக வைக்க முடியாது, தளத்துக்குத் தளம் மாறும். ஆனாலும் 70 பேர் படிக்கும் இடத்தில் ஐந்தாறு பேர் கமெண்ட் போடுகிறார்கள் என்றால் அது குறைவு இல்லை. மற்ற அறுபத்து சொச்சம் பேர் வாய் திறக்காமல் 14 அத்தியாயம் வரை கூடவே வந்திருக்கிறார்கள். பதினான்கு முறை திரும்பி வருவது சாதாரண விஷயமா?

சரி, ‘சூப்பர்’ கமெண்டுகளுக்கு வருகிறேன். கொஞ்ச நாள் எழுதியவர்கள் இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் படித்துவிட்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று கை தூக்குகிறார். எழுதுகிறவருக்கு அது தேவை. அடுத்த அத்தியாயத்தை உட்கார்ந்து எழுத வைப்பது அதுதான். ஆனால் எழுத்து எப்படி இருக்கிறது என்ற தகவல் அதில் கிடையாது. நன்றாக இருந்த அத்தியாயத்துக்கும் சுமாரான அத்தியாயத்துக்கும் ஒரே ‘சூப்பர்’தான் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘எப்படி இருக்கு?’ என்று நாம் கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

கேள்வியை மாற்றிப் பாருங்கள். அத்தியாயத்தின் முடிவில் ‘உங்கள் மேலான கருத்துகளைப் பதிவிடுங்கள்’ என்று போடுவதற்குப் பதிலாக, கதைக்குள் இருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘கடிதத்தை எடுத்தது யாராக இருக்கும்?’ ‘அம்மாவுக்கு விஷயம் முன்பே தெரியுமா, தெரியாதா?’ இதற்குப் பதில் சொல்வது வாசகர்களுக்கு விளையாட்டு மாதிரி, சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தப் பதில்களில் நமக்கு வேண்டியது இருக்கும். நான் ஒருமுறை பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன். பதில் சொன்னவர்களில் மூன்று பேர் கதாநாயகனின் அக்காவை அவனுடைய மனைவி என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள். ஒன்பது அத்தியாயங்களாக அப்படியே படித்து வந்திருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொரு வாரமும் ‘அருமை’ என்று எழுதியவர்கள்தான்.

அந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இது உங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் வேலையே இதுதான் என்பதாலும். தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நடக்கும். ‘வந்தாள், உட்கார்ந்தாள், பேசவில்லை’ என்றால் போதும், வினைமுற்றின் முடிவே ஆளைக் காட்டிவிடும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கும் காட்சியில் இது அழகாக ஓடும். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் அதே வசதி காலை வாரிவிடும். ‘அவள் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.’ யார் முகத்தை யார் பார்த்தது, யாருக்குக் கோபம்? எழுதியவருக்குத் தெரியும். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டு படிப்பவர் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடுவார். நின்று கேட்க மாட்டார். இதற்குத் தமிழே ஒரு கருவி வைத்திருக்கிறது. ‘தன்’ என்ற சொல் வாக்கியத்தின் எழுவாயை நோக்கித் திரும்பும். ‘மாலா தன் அறைக்குப் போனாள்’ என்றால் மாலாவின் அறை. ‘மாலா அவள் அறைக்குப் போனாள்’ என்றால் அங்கே இன்னொருத்தி இருக்கிறாள். இந்த ஒன்றைச் சரியாகக் கையாண்டாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு, பெயரையும் உறவுச் சொல்லையும் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டியதுதான். என் கதையில் நான் ‘அக்கா’ என்ற சொல்லை இரண்டாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை எழுதியிருந்தேன்.

எழுத்துப் பிழையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். வாய்ஸ் டைப்பிங்கில் எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும். ‘அவளுக்கு வலி தெரியவில்லை’ என்பது ‘வழி தெரியவில்லை’ என்று விழுந்துவிட்டால் பிழைதிருத்தும் செயலி பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். வாசகர் மட்டும் ஒரு நொடி தடுக்கி விழுவார். நான்கு தடவை தடுக்கினால் எழுந்து போய்விடுவார், காரணமும் சொல்ல மாட்டார். போடுவதற்கு முன்னால் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத அந்த ஒரு கமெண்ட். குறை சொல்பவர்களைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது இது. எங்கே வலிக்கிறது என்று அவர்கள் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வலிக்குக் காரணம் என்று சொல்வது பாதி நேரம் சரியாக இருக்கும். மருந்து என்று சொல்வது அநேகமாக அவர்களுடைய கதைக்கான மருந்தாக இருக்கும். ‘நடுவில் இழுக்கிறது, ஒரு சண்டைக் காட்சி வையுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், நடுவில் இழுக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளலாம், சண்டைக் காட்சியை விட்டுவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. வாசகர் தன் தொழிலைப் பற்றிப் பேசினால் அப்படியே நம்புங்கள். ஆண்டி வியர் என்ற மென்பொருள் நிரலாளர் 2009 முதல் தன் சொந்த இணையதளத்தில், செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு வந்தார். வேதியியலும் இயற்பியலும் தெரிந்த வாசகர்கள் கணக்குப் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே போனார். 2011-ல் அதை 99 சென்ட் விலைக்கு மின்னூலாக வெளியிட்டார், 2014-ல் பெரிய பதிப்பகம் ஒன்று அச்சில் கொண்டுவந்தது. இந்த உதாரணத்தை எல்லோரும் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட வெற்றி மிகமிக அபூர்வம், அதை எதிர்பார்த்து எழுத உட்காராதீர்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி அந்த வேதியியல் தெரிந்த வாசகர்கள்தான். உங்கள் கதையில் ஒரு செவிலியர் வந்தால், படிப்பவர்களில் ஒரு செவிலியர் நிச்சயம் இருப்பார்.

‘டைரி மாதிரி இருக்கிறது’ என்பதற்கு என்ன பொருள் இருக்கலாம்? நான் விமர்சனக் குழுவில் இதே சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் மூன்று வெவ்வேறு விஷயங்களை இந்த ஒரே சொல்லால் சொல்வார்கள். சில சமயம், நடந்தது நடந்த வரிசையிலேயே வருகிறது, காலையில் எழுந்ததிலிருந்து. சில சமயம், கதையில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை; சம்பவங்கள் அவர்கள் மீது வந்து விழுகின்றன, அவ்வளவுதான். இன்னும் சில சமயம், கதை சொல்பவர் ஒவ்வொரு உணர்ச்சியையும் பெயர் சொல்லி விளக்கிவிடுகிறார், படிப்பவர் உணர்வதற்கு எதுவும் மிச்சமில்லை. உங்களுடையது எது என்று படிக்காமல் சொன்னால் அது ஊகம்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஐந்தாவது அத்தியாயத்தையும் ஏழாவதையும் இடம் மாற்றி வைத்து மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கதைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால் அந்த வாசகர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு பகுதியை எடுத்தாலோ நகர்த்தினாலோ முழுதும் ஆட்டம் காண வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்லி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தொடர்கதைக்கு அதை அவ்வளவு கறாராகப் பொருத்த வேண்டியதில்லை. கிளைக்கதைகளும் இளைப்பாறும் அத்தியாயங்களும் தொடருக்கு அழகு. ஆனால் பதினான்கில் பத்தை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றால், அங்கே சம்பவங்கள் இருக்கின்றன, கதை இன்னும் வரவில்லை. இது சரிசெய்யக்கூடியது. ஒரே ஓர் ஆளுக்கு ஒரே ஓர் ஆசையைக் கொடுத்து, அது கிடைக்காமல் தள்ளிப்போடுங்கள். அத்தியாயங்கள் தாமாகவே வரிசையில் நிற்க ஆரம்பிக்கும்.

கமெண்டுகளால் வரும் இன்னொரு ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் அதன் நிழல் தெரிகிறது. ‘வாசகர்கள் கேட்டதால் 11-ல் ரகுவைத் திரும்பக் கொண்டுவந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாசகர் விருப்பம் தொடரை இழுத்துச் செல்வது புதிதல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் மாதப் பகுதிகளாக எழுத ஆரம்பித்த முதல் நாவல் தொடக்கத்தில் சில நூறு பிரதிகள்தான் போனது. சாம் வெல்லர் என்ற வேலைக்காரப் பாத்திரம் நுழைந்த பிறகு விற்பனை ஏறி, முடியும்போது 40,000 வரை போனது. அவரும் அந்தப் பாத்திரத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனார். ஆக, வாசகர் சொல்வதைக் கேட்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பதில் வந்தது மாதம் ஒருமுறை. உங்களுக்கு வருவது பத்து நிமிடத்தில். யோசிக்க இடமே இல்லை. நான் ஒரு துணைப் பாத்திரத்துக்குக் காதல் வேண்டும் என்று பத்துப் பேர் கேட்டதற்காக நான்கு அத்தியாயம் எழுதினேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். கதை அங்கே திரும்பியது திரும்பியதுதான், நான் சொல்ல வந்ததற்கு அது திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து, ஐந்து அத்தியாயங்களை எழுதி வைத்துக்கொண்டுதான் முதலாவதைப் போடுகிறேன். இன்று வரும் கமெண்ட் இன்னும் எழுதாத அத்தியாயத்தைத்தான் தொட முடியும். அதற்குள் ஐந்து வாரம் போய்விடும். ஐந்து வாரம் கழித்தும் அந்த யோசனை நல்லதாகத் தோன்றினால் எடுத்துக்கொள்வேன். கைவசம் அத்தியாயம் இருப்பதால் இடைவெளியும் விழுவதில்லை.

இனி, எனக்கு மிகவும் உறுதியாகத் தெரிந்த ஒன்று. என் எழுத்து மாறியதற்குக் காரணம் எனக்கு வந்த கமெண்டுகள் கிடையாது. நான் மற்றவர்களுக்கு எழுதிய கமெண்டுகள். குழு ஆரம்பித்தபோது ஒரு விதி வைத்தோம்: ஒரு கதை போட வேண்டுமென்றால் மூன்று கதைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் முந்நூறு சொல்லாவது, விமர்சனம் எழுதியிருக்க வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1995 முதல் நடந்துவரும் ‘கிரிட்டர்ஸ்’ என்ற இணையப் பட்டறையில் தன் கதை விமர்சனத்துக்கு வர வேண்டுமானால் மற்றவர்களின் கதைகளைத் தொடர்ந்து விமர்சித்துவர வேண்டும். அதற்கும் முன்பு, 1956-ல் அமெரிக்காவில் மில்ஃபோர்டு என்ற இடத்தில் தொடங்கிய எழுத்தாளர் சந்திப்பில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள், ஒவ்வொருவராகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள், எழுதியவர் கடைசி வரை வாயே திறக்கக் கூடாது. எங்கள் குழுவிலும் அந்த மௌன விதியை வைத்தோம். இரண்டு நாள் பதில் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் சிரமப்பட்டவர்கள் பிறகு அதையே பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதுவும் காதில் விழாது.

முந்நூறு சொல்லில் என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். எந்த வரியில் கவனம் கலைந்து வேறு எதையோ நினைத்தேன், எந்த வரியைத் திரும்பப் படித்தேன், மறுநாள் காலையில் எந்த ஆள் நினைவில் இருந்தார். இந்த மூன்றையும் நேர்மையாக எழுதினால் போதும். வேறொருவர் கதையில் ‘இங்கே என் கவனம் கலைந்தது, ஏன்?’ என்று தேடும்போது கிடைக்கும் விடை நம் வரைவில் அப்படியே உட்கார்ந்திருக்கும். நம் கதையில் நமக்குத் தெரியாது, மனது நிரப்பிக்கொண்டே படித்துவிடும். அடுத்தவர் கதையில் உடனே தெரியும். எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. இன்னும் எழுதவில்லை என்றால் இன்றைக்கே மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள், உங்களைப் போலவே அறுபது எழுபது பார்வையோடு இருப்பவர்களாகப் பார்த்து. அவர்களில் ஒருவராவது திரும்ப உங்களுக்கு எழுதுவார். ‘நீ எனக்கு லைக் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்ற ஏற்பாட்டில் மட்டும் சேர வேண்டாம். எண் ஏறும், ஆனால் மேலே சொன்ன பத்தாவது நாள் கணக்கும் அதோடு கெட்டுப்போகும், உங்களிடம் இருந்த ஒரே நம்பகமான தகவலும் கையைவிட்டுப் போகும்.

இடையில் நடைமுறை விஷயம் ஒன்று. 14 அத்தியாயங்களும் தளத்துக்கு வெளியே, உங்கள் கையில் ஒரு கோப்பாக இருக்கின்றனவா? இல்லை என்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் செய்துவிடுங்கள். பலர் தங்கள் இணையப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009-ல் மூடினார்கள். யாஹூ குரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழுக்களில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்ததை 2019-ல் நீக்கினார்கள். தொடர்கதைகளுக்கென்றே அமேசான் 2021-ல் தொடங்கிய கிண்டில் வெல்லா 2025 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. கதையின் காப்புரிமை எழுதிய நொடியிலிருந்து உங்களுடையது, காப்புரிமைக்கான பெர்ன் பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் தளத்தில் சேரும்போது என்னென்ன உரிமை கொடுத்தீர்கள் என்பதை ஒரு முறை படித்துப் பாருங்கள். பல பத்திரிகைகளும் போட்டிகளும் இணையத்தில் பொதுவில் வந்த கதையை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும் என்பதால், போட்டிக்கு அனுப்ப நினைக்கும் கதையைத் தளத்தில் போடாமல் வைத்திருப்பது நல்லது. சட்ட நுணுக்கம் என் துறை இல்லை, இதற்கு மேல் போனால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் போனால் நழுவியதாக ஆகிவிடும். இந்தத் தொடரை முடியுங்கள். இன்னும் இருபது அத்தியாயம் திட்டமிட்டிருந்தால் ஆறில் முடியுங்கள், பரவாயில்லை. முடிவு எழுதிப் பழகாதவர்கள் அடுத்த தொடரிலும் நடுவில்தான் நிற்பார்கள். குழுவில் இதை நான் பலரிடம் பார்த்தேன். முடித்த பிறகு தொடருக்குப் போகாமல் 1,500 சொல்லில் சில சிறுகதைகள் எழுதுங்கள். தொடரில் ஒரு பிழை தெரிய எட்டு மாதம் ஆகிறது, சிறுகதையில் எட்டு நாளில் தெரிந்துவிடும். போடுவதற்கு இடைவெளி வேண்டும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வரி அறிவிப்புப் போட்டுவிட்டு எடுங்கள், அந்த 70 பேர் தேடுவார்கள். உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்பதை இந்த எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முன்வருபவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக, அந்த டைரிக் குறிப்பு ஆசாமி. அவருடைய கமெண்டை நீக்க வேண்டாம், இன்றைக்குப் பதிலும் போட வேண்டாம். அவர் அதை எங்கே எழுதியிருக்கிறார் என்று பார்த்தீர்களா? பதினான்காவது அத்தியாயத்தின் கீழே. அதற்கு முன்னால் உள்ள பதின்மூன்றைப் படிக்காதவருக்கு இது டைரி மாதிரி இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. வெறுப்பில் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் எட்டு மாதமாகவோ, அல்லது ஒரே இரவில் மொத்தமாகவோ, கதை வரும் கதை வரும் என்று கூடவே வந்திருக்கிறார். இரண்டு நாள் போகட்டும். அப்புறம் விளக்கமோ வருத்தமோ சேர்க்காமல், ‘எந்த அத்தியாயத்தில் உங்களுக்கு அப்படித் தோன்ற ஆரம்பித்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.